பாதி வழியில் நிற்கும் கார்புரேட்டர் கார்: பெட்ரோல் எங்கே தடைபடுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு விடும் பாகம்) வைத்த மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், பத்மினி ஆகியவற்றில் பெட்ரோல் சரியாக வராத கோளாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஊருக்குள் ஒழுங்காக ஓடும். பைபாஸில் ஏறி 70, 80-ஐத் தொட்டதும் இழுவை குறையும், வண்டி வெட்டி வெட்டி ஓடும், பிறகு நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஃபில்டர் மாறும், கார்புரேட்டர் கழுவப்படும், அடுத்த முறை டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் மாறும். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை.

மாற்றிய பாகம் பழுதாகியிருந்தது உண்மையாகவே இருக்கலாம். அதைப் பழுதாக்கியது எது என்று யாரும் பார்க்காததால்தான் கோளாறு திரும்பி வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு: வண்டி பட்டறைக்குப் போகும்போது நன்றாக இருக்கிறது. நன்றாக ஓடும் வண்டியில் இந்தக் கோளாறைப் பிடிக்க முடியாது. வண்டி நின்றிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் சோதனை நடக்க வேண்டும். அதற்கான சாமான்களை டிக்கியில் வைத்திருங்கள்: ஸ்குரூ டிரைவர், 10, 12 ஸ்பானர், ஒரு பழைய ஸ்பார்க் பிளக், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று காலியாக, பெட்ரோல் ஓஸ் அளவுக்குப் பொருந்தும் ஒளி ஊடுருவும் குழாய் ஓரடி, சைக்கிள் பம்ப், துணி, ஒரு கிலோ உலர் பவுடர் தீயணைப்பான். கடைசியாகச் சொன்னது இல்லாமல் பெட்ரோல் லைனைக் கழற்றவே வேண்டாம்.

ஐடிலிங் நன்றாக இருப்பது ஏன் எதையும் நிரூபிக்காது

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 5.7 லிட்டர் வேண்டும்; அதாவது நிமிடத்துக்கு 95 மில்லி. மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தால் தேவை அதைவிட நன்றாகவே கூடும். நின்றபடி ஐடிலிங்கில் ஓட நிமிடத்துக்கு 10 முதல் 15 மில்லி போதும். ஆகவே லைன் முக்கால் பங்கு அடைத்திருந்தாலும் ஐடிலிங் அழகாக இருக்கும், ஊருக்குள் தெரியாது. பட்டறையில் பானெட்டைத் திறந்து ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. கார்புரேட்டரின் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் தேங்கியிருக்கும் பெட்ரோலே அந்த முறுக்கலுக்குப் போதும்.

பெட்ரோலா, கரண்டா?

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடானதும் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்வது பழைய வண்டிகளில் சாதாரணம். பாயிண்ட் வைத்த வண்டியானால் கன்டென்சரும் அப்படியே. இவையும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்பதால் பெட்ரோல் கோளாறோடு குழம்பும். நிற்கும் விதத்தில் வேறுபாடு தெரியும். கரண்ட் போனால் சாவியை அணைத்ததுபோல் சட்டென்று போகும். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது டாக்கோமீட்டர் முள் இருந்தால் அது செத்து விழும். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி தயங்கும், இழுக்கும், மறுபடி தயங்கும். தயங்கும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சில நொடிகளுக்காவது இழுவை திரும்பினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதி.

நின்றபிறகு ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். சாவியை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டர் லிங்க்கைக் கையால் ஒரே வீச்சில் முழுக்கத் திறக்க வேண்டும். கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் நன்றாக இருந்தால் பித்தளை மூக்கிலிருந்து ஊசிபோல ஒரு கோடு பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். தொடர்ந்து நான்கைந்து முறை அப்படிப் பலமாக வந்தால் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது; கரண்ட் பக்கம் போங்கள். பழைய ஸ்பார்க் பிளக்கை வயரில் மாட்டி, என்ஜின் உலோகத்தில் படவைத்து, ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி நீலப்பொறி வருகிறதா என்று பார்க்கலாம். அப்போது தொண்டை மூடியிருக்கட்டும், அருகில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது.

ஒன்றுமே பீய்ச்சாமல் காற்று மட்டும் வந்தால் சேம்பர் வறண்டிருக்கிறது. மாருதி 800 வண்டியின் கார்புரேட்டரில் ஃப்ளோட் சேம்பர் பக்கவாட்டில் சிறு கண்ணாடி ஒன்று உண்டு. மட்டம் அதன் நடுவிலுள்ள வட்டக் குறிக்குள் நிற்க வேண்டும். பலரும் அதன் மேலுள்ள அழுக்கைத் துடைத்துப் பார்த்ததே இல்லை. நின்ற வண்டியில் அந்தக் கண்ணாடியில் மட்டமே தெரியவில்லையென்றால் தேடல் பாதி முடிந்தது: கோளாறு ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளையில்) இல்லை, அதற்கு முன்னால்.

எல்பிஜி கிட் போட்ட வண்டிக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. அதே சாலையில், அதே வேகத்தில் கேஸில் ஓட்டுங்கள். கேஸில் தடங்கலின்றி ஓடினால் கரண்ட் சுத்தம். பெட்ரோல் பக்கம் வந்தால், கிட் போடும்போது பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பொருத்திய பெட்ரோல் கட்-ஆஃப் சோலினாய்டை (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வை) முதலில் சந்தேகியுங்கள். கேஸைக் கழற்றி எடுத்த பிறகும் அந்தச் சோலினாய்டு லைனிலேயே மறந்து விடப்பட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அதன் வயர் தளர்ந்தால் குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் நிற்கும்.

சாலையோரத்தில் வரிசையாகச் செய்ய வேண்டியவை

வண்டி நின்றதும் முதல் வேலை, பானெட்டைத் திறப்பதல்ல. டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து காதைக் கொடுங்கள். உள்ளே காற்றை உறிஞ்சும் நீண்ட சத்தம் வந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே நுழைய வேண்டிய காற்று நுழையவில்லை. பம்ப் வெற்றிடத்தை எதிர்த்து இழுத்துத் தோற்றிருக்கிறது. மூடியைத் திறந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடுவதும் இதற்கு அடையாளம். மூடியிலுள்ள வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம். நெடுநாள் நின்ற வண்டிகளில் அந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவைத்திருக்கும். ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் குளவிக்கூடு அங்கேயேதான் இருக்கும். பிற்கால மாடல்களில் ஆவியைப் பிடிக்கும் கரிக் கேனிஸ்டர் இருந்தால் அதன் வழியும் ஊதினால் காற்று போக வேண்டும்.

அடுத்தது வேப்பர் லாக். பெட்ரோல் லைனிலேயே கொதித்து ஆவியாகிவிட்டால் பம்ப் அந்த ஆவியைத்தான் அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும். இது சித்திரை வெயிலில், நெரிசலில் ஊர்ந்த பிறகு, மலையேற்றத்தில், சூடான என்ஜினை அணைத்துக் கால்மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது வரும். அதிகாலை நாலு மணிக்குக் குளிரில் பைபாஸில் நிற்கும் வண்டிக்கு வேப்பர் லாக் என்று பெயர் வைக்காதீர்கள். சோதனை: தண்ணீரில் நனைத்த துணியைப் பம்பின் மீதும் அதற்கு வரும் குழாய் மீதும் போட்டு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மீதும் சூடான எக்ஸாஸ்ட் மீதும் தண்ணீர் படக் கூடாது. உடனே ஸ்டார்ட் ஆனால் வெப்பம்தான் எதிரி. மாருதி 800-இல் பம்ப் சிலிண்டர் ஹெட்டில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் ஹெட்டுக்கும் நடுவேயுள்ள தடித்த வெப்பத்தடுப்புத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பேக்கிங் வைத்திருப்பார்கள். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் அடைத்திருந்தாலும் பெட்ரோல் சுற்றாமல் ஒரே இடத்தில் நின்று சூடேறும்.

இவை இரண்டும் இல்லையென்றால் டேங்க் பக்கம். பம்புக்கு உள்ளே வரும் ஓஸைக் கழற்றுங்கள். எது உள்ளே, எது வெளியே, எது ரிட்டர்ன் என்று பம்பின் மேலுள்ள அம்புக்குறியைப் பார்த்து உறுதி செய்த பிறகு. டேங்க் மூடியைத் திறந்துவைத்து, அந்த ஓஸில் சைக்கிள் பம்பால் மெதுவாக ஊதுங்கள். இன்னொருவர் டேங்க் வாயில் காது வைத்தால் குமிழி விடும் சத்தம் கேட்க வேண்டும். முதலில் கெட்டியாக எதிர்த்து, பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்து, அதற்குப் பின் வண்டி ஜோராக ஓடினால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறது. வேகமாகப் போகும்போது துருவும் கசடும் வலையில் ஒட்டும். வண்டி நின்றதும் உறிஞ்சல் நின்று கசடு தானாகக் கீழே விழும். பத்து நிமிடத்தில் சரியாவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ஊதிவிட்டது சிகிச்சை அல்ல. கசடு டேங்கில்தான் கிடக்கிறது. கம்ப்ரஸர் காற்றை அடிக்கவே அடிக்காதீர்கள். வலை கிழிந்தால் அடுத்த அடைப்பு லைனுக்குள் வரும். வாயால் உறிஞ்சுவதும் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

வீட்டில், ஆற அமர: பம்பை அளப்பது

கார்புரேட்டருக்கு வரும் ஓஸைக் கழற்றி அதன் முனையைக் காலி பாட்டிலுக்குள் விடுங்கள். இக்னிஷன் காயிலின் பிளஸ் வயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு, பத்து நொடி ஸ்டார்ட் அடியுங்கள். அரை நிமிடம் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஆறவிட்டு இன்னும் இரண்டு முறை. மொத்தம் முப்பது நொடியில் 150 மில்லிக்குக் குறையாமல், ஒவ்வொரு துடிப்பும் பலமாக, குமிழியில்லாமல் வந்தால் மேலே சொன்ன கணக்குக்குப் பம்ப் தாராளம். 60, 70 மில்லிதான் வந்தால் வரத்தில் எங்கோ குறை இருக்கிறது.

குறைவாக வந்தது என்பதால் உடனே பம்ப் வாங்கிவிடாதீர்கள். ஒரு சிறு உலோகக் கேனில் ஒரு லிட்டர் சுத்தமான பெட்ரோல் எடுத்து, பம்பின் நுழைவில் அதிலிருந்து குறுகிய ஓஸ் மாட்டி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கேன் பம்பைவிடத் தாழ்ந்த மட்டத்தில் தரையில் இருக்கட்டும். இப்போது நன்றாக வந்தால் பம்ப் நிரபராதி. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவே. இப்போதும் வரவில்லையென்றால்தான் பம்ப். ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஓஸைக் கையால் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டால் இந்த ஒரு சோதனை பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடும். கேனைக் காருக்குள்ளோ, மேற்கூரையிலோ கட்டி ஓட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மெக்கானிக்கல் பம்பில் உள்ளே கெடுவது மூன்று: டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, இரண்டு சிறு வால்வுகள், தள்ளுகோலும் நெம்பும். வால்வு உட்காராவிட்டால் ராத்திரியில் லைன் டேங்குக்கே வடிந்துவிடும். காலையில் நெடுநேரம் ஸ்டார்ட் அடிக்க வேண்டிவரும், அதற்குப் பிறகு நாளெல்லாம் தொல்லை இராது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையடித்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பம்பும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. புதுப் பம்ப் போட்டும் அளவு குறைவாகவே வந்தால் பேக்கிங்கைப் பாருங்கள். ஆயில் கசிவை நிறுத்த யாராவது இரண்டு பேக்கிங் கூடுதலாக வைத்திருப்பார்கள். பம்ப் அந்த அளவு வெளியே தள்ளி உட்காரும், நெம்பின் வீச்சு குறையும், பெட்ரோலும் குறையும். தள்ளுகோலின் நுனி தேய்ந்திருந்தாலும் இதே விளைவு.

வெளியே ஒழுகாத ஓட்டை

பட்டறைகளில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இது. பம்புக்கு முன்னாலுள்ள லைன் உறிஞ்சலில் இருக்கிறது. அதில் விரிசல் விழுந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது; காற்றுதான் உள்ளே போகும். வாடை வராது, தரையில் சொட்டு இருக்காது. அதனால் யாரும் நம்ப மாட்டார்கள். பம்பின் நுழைவில் அந்த ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, என்ஜினை வண்டி நின்றபடியே கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் முத்து முத்தாக வந்துகொண்டேயிருந்தால் காற்று நுழைகிறது. அந்தக் குழாயோடு ஊர் சுற்றாதீர்கள், பார்த்ததும் கழற்றிவிடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: ஓஸ்கள் இறுகிக் கெட்டியான முனைகள், பிளாஸ்டிக் ஃபில்டரின் மூக்கில் மயிரிழை விரிசல், அடித்தளத்தில் இரும்புக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் துருப்பிடித்த இடம், டேங்க் மேல் உள்ள குறுகிய ஓஸ். கடைசியாகச் சொன்னது டேங்கை இறக்கினால்தான் தெரியும் என்பதால் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாமலே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். எப்போதும் டேங்க் கால் அளவுக்கு இறங்கிய பிறகுதான் நிற்கிறது, நிரப்பினால் ஒரு வாரம் ஓடுகிறது என்றால், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயிலேயே அந்த உயரத்தில் துருத்துளை விழுந்திருக்கிறது. மட்டம் துளைக்குக் கீழே போனதும் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆகவே நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் மட்டத்தையும் வேகத்தையும் குறித்து வையுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பரும்

2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. கார்புரேட்டர் காலத்து ஓஸும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஓஸை நீளவாக்கில் பிளந்து பாருங்கள்: உள்சுவர் உரிந்து நாக்குபோல் தொங்கும். உறிஞ்சும்போது அந்த நாக்கு வழியை மூடும், உறிஞ்சல் நின்றால் திறக்கும். ஃபில்டரில் கறுப்புத் துகள் வந்தால் அது ஓஸின் உள்சுவர்தான். ஓஸ் வாங்கும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் பெயரில்லாத கறுப்பு ஓஸ் கூலியை இரண்டு முறை கொடுக்க வைக்கும்.

எத்தனால் டேங்கில் படிந்த பழைய பிசினையும் கிளறிவிடும். நெடுநாள் நின்ற வண்டியை ஓட்டத் தொடங்கினால் முதல் ஃபில்டர் சீக்கிரம் அடைவது இயல்பு. ஈரத்தையும் எத்தனால் இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் முதலில் எடுப்பது அதைத்தான். டேங்கின் அடியிலிருந்து கால் லிட்டர் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

டேங்கைச் சுத்தம் செய்வது

டேங்கை இறக்கி, பெட்ரோல் மட்டம் காட்டும் மிதவை யூனிட்டையும் கழற்றி, உள்ளே மிச்சமிருப்பதை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டுங்கள். செம்பழுப்புத் தூள் துரு. தேன் நிறத்தில் ஒட்டுவது பழைய பெட்ரோலின் பிசின். வெள்ளி மினுக்கலாகத் தகடு தகடாக வந்தால் முன்பு யாரோ பூசிய டேங்க் சீலர் உரிகிறது; அப்படியானால் வேறு டேங்க் தேடுவதே புத்திசாலித்தனம்.

துருவுக்கு: இருபது முப்பது சிறு நட்டுகளைப் போட்டுச் சோப்புத்தண்ணீருடன் குலுக்கி, எண்ணி எடுத்துவிடுங்கள். பிறகு லிட்டருக்கு 75 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரால் டேங்கை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கொட்டிவிட்டுச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் இருமுறை அலச வேண்டும். உடனே காற்றடித்து உலர்த்தி, கொஞ்சம் பெட்ரோலில் இரண்டு மூடி என்ஜின் ஆயில் கலந்து உள்ளே சுழற்றுங்கள். தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் செந்துரு திரும்பிவிடும். உறிஞ்சு குழாயின் வலையை மாற்றி, குழாயை விரலால் ஒரு முனையில் அடைத்து ஊதிப் பாருங்கள். காலி டேங்குக்கு வெல்டிங் வைக்கும் வேலையை அதற்கென்றே ஆவியால் கழுவிச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். வெடிப்பது பெட்ரோல் அல்ல, மிஞ்சியிருக்கும் ஆவி.

கார்புரேட்டரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நுழைவிலுள்ள விரல்நுனி அளவு வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அடைப்பு அங்கேயும் ஒளிந்திருக்கும். சேம்பருக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு ஒட்டினால் சேம்பர் வறளும், திறந்தபடி நின்றால் பெட்ரோல் வழிந்து பிளக் கறுக்கும். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். ஐடிலிங்கில் மட்டும் அணைந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடுகிறதென்றால் அது பெட்ரோல் வரத்துக் கோளாறே அல்ல. சாவியைப் போடும்போது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டர் சோலினாய்டு 'டிக்' என்கிறதா என்று கேளுங்கள்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டால் தீரும் என்று சொல்வார்கள். கார்புரேட்டர் நீடில் தாங்குவது 3, 4 பிஎஸ்ஐ. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியின் பம்ப் 40 பிஎஸ்ஐ-க்குப் பக்கத்தில் தள்ளும்; சூடான என்ஜின் மேல் பெட்ரோல் வழியும், வண்டி எரியும். குறைந்த அழுத்தப் பம்பே போட்டாலும் விபத்தில் என்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும்படி ரிலே வேண்டும். அடைத்த வலையை எந்தப் பம்பும் திறக்காது.

காரணத்தைப் பிடித்துச் சரிசெய்த பின், ஒளி தெரியும் புது ஃபில்டர் ஒன்றைப் போட்டு, முன்பு நின்ற அதே சாலையில், அதே பெட்ரோல் மட்டத்தில், அதே வேகத்தில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். 500 கி.மீ. கழித்து அந்த ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் ஆவி முழுக்கப் போன பிறகு ஆக்ஸா பிளேடால் அறுத்து உள் காகிதத்தை விரித்துப் பாருங்கள். லேசான மஞ்சள் கறை மட்டும் என்றால் அடுத்ததை 5,000 கி.மீ. வரை விடலாம். செம்பழுப்பு படிந்திருந்தால் டேங்கில் இன்னும் துரு இருக்கிறது. கறுப்புத் துகளென்றால் ஏதோ ஒரு பழைய ஓஸ் லைனில் மிச்சமிருக்கிறது.